இரண்டு பச்சை, ஒரு சிவப்பு, ஒரு நீலம்

பகலில் எனக்கு ஊபியில் வேலை.
கேமரா காணாத ஒன்றை
கண்டதாக அதன் சில்லை நம்பவைக்கும் வேலை.
சோதனைக்கு மழை வேண்டும், எதிர்வெயில் வேண்டும்,
நடுராத்திரித் தெருவிளக்கு வேண்டும்,
எல்லாம் காலை பத்து மணிக்குள்.
அதற்காக எழுதினேன் இதை,
செங்காங் வீட்டில், சலவை இயந்திரம்
சுற்றி முடிக்கும் இடைவெளிகளில்:
வெந்த படத்தைப் பச்சைக் கோப்பாக்கும் மென்பொருள்.

இலவசம். நிரல் திறந்தே கிடக்கிறது.
எடுக்கலாம், மாற்றலாம்,
எதற்கென்று சொல்ல வேண்டாம்.

செய்முறை எளிது, கொஞ்சம் கொடூரம்.
புள்ளிக்கு மூன்று நிறம் இருக்கும்,
இரண்டைப் பிடுங்கி எறி.
மிஞ்சியதைக் கட்டம் கட்டமாக அடுக்கு:
இரண்டு பச்சை, ஒரு சிவப்பு, ஒரு நீலம்.
வளைத்து வைத்த வெளிச்சத்தை நிமிர்த்து.
கறுப்பைச் சுழியத்தில் விடாதே,
ஐந்நூற்றுப் பன்னிரண்டுக்குத் தூக்கு.
எங்கள் கேமரா இருட்டை எண்ணத் தொடங்குவது அங்கிருந்துதான்.

நிரலில் ஒரு மாறிக்குப் பச்சை என்று பெயர்.
அப்படியென்றால் என்னவென்று ஹஃபீஸ் கேட்டான்.
ஹிஜாவ் என்றேன். பிறகு மெந்தா என்றேன்.
எது சரி என்றான்.
இரண்டும்.
மூன்றாவதாக ஒன்று உண்டு,
பொய்க்கு முன்னால் வருவது.
அதை அவனுக்குச் சொல்லவில்லை.

அந்த ஹஃபீஸ்தான் அழைத்து வந்தான்
சுவா பெங் ஹாக்கை.
பேருந்து ஓட்டுநர். முதல் வண்டி எடுக்காத நாட்களில்
காலாங் ஆற்றோரம் குப்புறப் படுத்து
நீர்நாய்களுக்காகக் காத்திருப்பவர்.
போட்டியில் அவர் படம் கடைசி முப்பதில் ஒன்று.
வெள்ளிக்கிழமைக்குள் பச்சைக் கோப்பு கேட்கிறார்கள், அத்தாட்சிக்கு.
அன்று கேமரா ஜேபெக்கில் மட்டும் இருந்திருக்கிறது.
விரல் தெரியாமல் திருகிவிட்ட சக்கரம்.

"நான்தான் எடுத்தேன்," என்றார்
காப்பி ஓ கோசோங்கைக் கலக்கியபடி,
சர்க்கரையே இல்லாத காப்பியை
ரொம்ப நேரம் கலக்கியபடி.
முழங்கையில் சிராய்ப்பு இன்னும் ஆறவில்லை.
நம்பினேன்.
படம் மெய். கேட்பது பொய்.
இடையில் என் மடிக்கணினி.

ஓட்டினேன். நாலு விநாடி.
கோப்பு திறந்தது, ஒரு தடங்கலும் இல்லாமல்.
ரொம்பச் சுத்தமாக இருக்கிறதே என்றார் அவரே.
இரைச்சல் சேர்க்கவும் வழி இருக்கிறது,
சோதனைக்காக நான் எழுதியதுதான்.
அதை வாய்விட்டுச் சொன்னபோது
என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

அவர் கேட்டது வேறு.
"பச்சைக் கோப்பென்றால் நிழலைத் தூக்கலாம், இல்லையா?
பாலத்துக்கு அடியில், இடது ஓரம்,
அங்கே ஐந்தாவது குட்டி இருந்தது.
படத்தில் நாலுதான் விழுந்தது."

தூக்கினேன்.
நிழல் சாம்பலானது, சாம்பல் பட்டை பட்டையானது,
சீப்பில் பல் போனது போல இடைவெளி இடைவெளியாக.
சோற்றை அரிசி மூட்டையில் கொட்டித் தைத்திருந்தேன்,
மூட்டையின் மேல் ஊர்ப்பெயர், எடை, எல்லாம் சரி.
குட்டி இல்லை.
கேமரா அந்தக் கணமே முடிவு செய்துவிட்டது
அங்கே யாரும் இல்லையென்று.

பக்கத்து மேசையில் யாரோ மீ சியாமுக்குச் சத்தம் போட்டார்கள்.
பெங் ஹாக் திரையை விரலால் தொட்டார்,
"இங்கே," என்றார், "வாயில் மீன்கூட இருந்தது."
பணி நேரமாயிற்று என்று எழுந்தார்.
கோப்பைக் கேட்கவும் இல்லை, வேண்டாம் என்கவும் இல்லை.

அன்றிரவு இரண்டு மணிக்குப் பதிவிறக்கக் கணக்கில்
ஒன்று கூடியிருந்தது.
பிரேசிலில் ஒரு மாணவராக இருக்கலாம்.
யாரென்று கேட்கும் வசதியை நான் வைக்கவில்லை,
வைக்காததைப் பெருமையாக எழுதியும் இருக்கிறேன்.

தூக்கம் வராமல் அந்தக் கோப்பை
எண்களாகத் திறந்தேன்.
ஆறு, கல், ஈர முதுகு நான்கு,
எல்லாம் ஏறி இறங்கும் எண்கள்.
இடது ஓரம் போனேன்.
பச்சை ஐந்நூற்றுப் பன்னிரண்டு.
சிவப்பு ஐந்நூற்றுப் பன்னிரண்டு.
நீலம் ஐந்நூற்றுப் பன்னிரண்டு.
இன்னொரு பச்சை.
வாயில் மீனோடு.